சிக்னலில் அணையாத வண்டி

இரும்புலியூர்,
4 ஆகஸ்ட் 2024

தீனாவுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. போனில் பேசினால் நீ கத்துவாய், நான் பாதியில் கட் பண்ணுவேன். அதனால்தான் உன் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருக்கிறேன். இப்போதைக்குத் திறக்கிற எண்ணமும் இல்லை. கடிதத்தில் நீ கத்தினால் எனக்குக் கேட்காது. அதனால் எழுது. இன்ஜினைப் பற்றி மட்டும் எழுது.

"எஸ்டீமை எவன் தலையிலயாவது கட்டிடு" என்று சொல்லிவிட்டுப் புனே ரயில் ஏறினாய். கட்டவில்லை. நேற்று ஷெட்டில் அந்தக் காரின் இன்ஜினை இறக்கிவிட்டேன். என் தம்பி உதயாதான் செயின் பிடித்தான். ரியல் எஸ்டேட் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றுகொண்டு, "இந்த ரேஸ் வண்டிய வெச்சிக்கினு இன்னாக்கா பண்ணப்போற? காய்கறி வாங்கப் போவியா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் சிரித்தான். நான் நிஜமாகத்தான் சொன்னேன்.

இந்த வண்டி இனி ரோட்டில் ஓட வேண்டும். காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆக வேண்டும். ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் ஏ.சி. போட்டுக்கொண்டு ஊர்ந்து போக வேண்டும். மாடம்பாக்கம் கோயிலுக்குப் போய்விட்டு அலுங்காமல் திரும்ப வேண்டும். ரோடு காலியாகக் கிடைத்தால் பழைய மாதிரி பறக்கவும் வேண்டும். எனக்கு இரண்டும் வேண்டும்.

இத்தனை சீசனும் நான் கட்டினேன், நீ ஓட்டினாய். கட்டுகிறவர் ஓட்டக் கூடாது, ஓட்டுகிறவர் பானெட்டைத் திறக்கக் கூடாது என்பது நாம் வைத்த வழக்கம். கட்டினவரே ஓட்டினால் தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்வார் என்று நீதான் சொன்னாய். அதனால் இந்த இன்ஜினின் ஒவ்வொரு போல்ட்டும் எனக்குத் தெரியும், ஆனால் ஓடும்போது அது எப்படி இருக்கும் என்று தெரியாது. நீ இறங்கி வந்து சொல்வதைக் கேட்டுத்தான் கை வைப்பேன். இப்போது சொல்வதற்கு ஆள் இல்லை.

கடைசி சீசனில் குறைந்த வேகத்தில் அது எப்படி நடந்துகொண்டது? எங்கே இழுத்தது, எங்கே திணறியது? நின்றால் சூடு ஏறியதா? இதற்கு மட்டும் பதில் எழுது. சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி என்பதெல்லாம் எனக்கு வேண்டாம்.

ஹேமாவதி


சாகன், புனே,
17 ஆகஸ்ட் 2024

ஹேமாவதி மேடம் அவர்களின் சமூகத்துக்கு,

ஸ்பீட் போஸ்டில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்றே நினைத்துவிட்டேன். ரூமில் எல்லோரும் போன பிறகுதான் பிரித்தேன். பிரித்தால் 'எங்கே இழுத்தது, எங்கே திணறியது'. அப்பாடா என்று கட்டிலில் விழுந்தேன். உனக்கு ஒரு நாளாவது நல்ல புத்தி வரும் என்று பார்த்தால், அப்பவும் இன்ஜின்தான்.

கேட்டதற்குப் பதில். நாலாயிரம் ஆர்.பி.எம்.முக்குக் கீழே அது ஆளை மதிக்காது. மூச்சு முட்டும், தும்மும், முறைக்கும். ஐயாயிரம் தாண்டினால்தான் 'சரி, வா' என்று இழுத்துக்கொண்டு போகும். நின்றால் சூடு ஏறத்தான் செய்யும். எடையைக் குறைக்கிறேன் என்று ஃபேனையும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றிப் பரண்மேல் போட்டது யார்? நின்ற இடத்தில் மெல்ல ஓடுகிற ஐட்லிங் என்ற பேச்சே கிடையாது. ஸ்டார்ட்டுக்குக் கொடி விழுகிற வரை ஆக்சிலரேட்டரைத் தட்டிக்கொண்டே இருப்பேன். காலை எடுத்தால் பொசுக்கென்று அணைந்துவிடும். நிற்கத் தெரியாத வண்டி ஹேமா அது. அதை மாடம்பாக்கம் கோயிலுக்கு அனுப்புகிறாயே, பாவம்.

நான் என்ன ஓட்டுகிறேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்வேன். கம்பெனி இன்னும் வெளியே விடாத புது வண்டிகளை வட்டமான டிராக்கில் ஓட்டி ஓட்டித் தேய்ப்பதுதான் வேலை. எண்பது என்றால் எண்பது. எண்பத்தைந்து போனால் மெமோ. காலையில் கிளம்பின இடத்துக்கே சாயங்காலம் வந்து சேருவேன். சாப்பாட்டைப் பற்றி எழுதக் கூடாது என்றாய். எழுதவில்லை. பருப்பில் வெல்லம் போடுகிறார்கள் என்பதை மட்டும் தகவலுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

ஒரே ஒரு விண்ணப்பம். என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள், அந்த ஃப்ளைவீலை மட்டும் தொடாதே. லேத்தில் போட்டுக் கடைந்து கடைந்து அந்த இரும்புச் சக்கரத்தை நீ பாதியாக இளைக்க வைத்தாயே, அன்றைக்குத்தான் முதல் முதலில் உன்னைப் பார்த்து பயந்தேன். கால் வைத்ததும் ஆர்.பி.எம். முள் எகிறுமே, அது அதனால்தானே? அதுவும் போய்விட்டால் அப்புறம் அது என் வண்டி இல்லை.

தீனா

பின்குறிப்பு: முதல் ஸ்டார்ட் யார்? அதைச் சொல்லவே இல்லையே.


இரும்புலியூர்,
22 செப்டம்பர் 2024

தீனாவுக்கு,

உன் கடிதத்தை வேலை மேஜை மேல் ஒட்டி வைத்துக்கொண்டுதான் வேலை செய்தேன். மூலையில் கிரீஸ் பட்டுவிட்டது. மூச்சு முட்டும், தும்மும், முறைக்கும் என்று எழுதியிருந்தாயே, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மெஷின் காட்டுகிற நம்பரை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் கட்டலாம். எனக்கு உன் வாய் வேண்டும்.

சிலிண்டரைக் கடைந்து ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறேன். தலை மேடு குறைந்த பிஸ்டன். கம்ப்ரஷன் இறங்கிவிட்டது. இனி ரேஸ் பெட்ரோலுக்கு அலைய வேண்டாம், நம் பங்க்கில் கிடைப்பதைக் குடித்துக்கொண்டு ஓடும். ரேஸ் கேம் ஷாஃப்டை எடுத்துவிட்டு, மிதமான ஒன்றைப் போட்டேன். இரண்டாயிரத்திலேயே இழுக்க ஆரம்பிக்கும், ஆறாயிரத்திலும் முகம் சுளிக்காது. பரண்மேல் கிடந்த ஃபேனையும் தெர்மோஸ்டாட்டையும் இறக்கினேன். தெர்மோஸ்டாட்டுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. புதிது வாங்கினேன்.

ஃப்ளைவீல் விஷயம். ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு அந்த இளைத்த சக்கரம் ஆகாது. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ஒரிஜினல் சக்கரம் ஷெட்டில்தான் இருக்கிறது, கையில் எடுத்தும் பார்த்தேன். நீ கேட்டாய். கீழே வைத்துவிட்டு, உன்னுடையதையே பூட்டிவிட்டேன்.

அப்பா தினமும் சாயங்காலம் வந்து ஷெட் வாசலில் நிற்கிறார். "மாப்ளகிட்டர்ந்து கடுதாசி வந்துச்சா?" என்கிறார். வந்தது என்றால் "இன்னா எழுதிகிறாரு?" என்கிறார். பிஸ்டனைப் பற்றி என்றால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "புருஷன் பொண்டாட்டி எழுதிக்கிறதுக்கு ஒலகத்துல வேற ஒண்ணுமே இல்லியா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போகிறார்.

முதல் ஸ்டார்ட் யார் என்று கேட்கிறாயே, அதென்ன கேள்வி? எப்போதும் நீதான். நீ சாவியைத் திருப்புவாய், நான் இடப்பக்கம் உட்கார்ந்து ஆயில் பிரஷர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதை நான் மாற்றவில்லை. தீபாவளிக்குள் இன்ஜினை வண்டியில் ஏற்றிவிடுவேன். லீவு எப்போது என்று எழுது.

ஹேமாவதி


சாகன்,
23 அக்டோபர் 2024

ஹேமா,

டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். கேன்சல் பண்ணிவிட்டேன். புது வண்டி வெளியீட்டை முன்னால் தள்ளிவிட்டார்களாம், டிரைவர்கள் யாருக்கும் தீபாவளி லீவு இல்லை என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்.

பொங்கலுக்குக் கட்டாயம் வருவேன். அதுவரை சாவியை யாரிடமும் கொடுக்காதே. உதயாவிடம் கொடுக்கவே கொடுக்காதே. அவன் நியூட்ரலில் கூடக் கியர் மாற்றுகிற ஆள்.

தீனா


இரும்புலியூர்,
10 நவம்பர் 2024

தீனாவுக்கு,

தீபாவளிக்கு உனக்கும் சேர்த்து அதிரசம் சுட்டது என் தப்பு. உதயா தின்றுவிட்டான்.

கட்டி முடித்த இன்ஜினைப் போட்டு வைக்கக் கூடாது என்று உனக்குத் தெரியாது. ஓட்டுகிறவனுக்கு அது தெரிய வேண்டியதும் இல்லை. சுற்றாமல் கிடந்தால் பூசி வைத்த ஆயில் வடிந்துவிடும். இந்த மழைக்காற்றுக்கு சிலிண்டர் சுவரில் துரு பிடிக்கும், ரிங் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் கடையை மூடின பிறகு, ஸ்பார்க் பிளக்கையெல்லாம் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, பெரிய ஸ்பேனரைப் போட்டு இன்ஜினைக் கையால் சுற்றி வைக்கிறேன். மெல்லச் சுற்றினால் உள்ளேயிருந்து ஸ்ஸ் ஸ்ஸ் என்று காற்று வரும். அப்போது ஷெட்டில் வேறு சத்தமே இருக்காது.

போன ஞாயிறு சுற்றிக்கொண்டிருக்கும்போது அழுகை வந்துவிட்டது. இன்ஜினைப் பற்றி மட்டும் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டவள் நான்தான். இதுவும் இன்ஜின் விஷயம்தான் என்று எடுத்துக்கொள். எதுவும் ஒட்டிப் போய்விடக் கூடாது என்று வாரா வாரம் கையால் சுற்றிக்கொண்டிருக்கிறேன், நீ அங்கே எண்பதில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாய். எனக்கு உன் ஞாபகமாகவே இருக்கிறது தீனா. ஷெட்டில் டூல் கீழே விழுந்தால்கூட, நீ 'யார் அது' என்று கேட்பாய் என்று திரும்பிப் பார்க்கிறேன்.

அப்பா எதிரில் வாங்க போங்க என்று கூப்பிட்டு, ஷெட்டுக்குள் வந்ததும் நீ வா போ என்று மாறுவேனே, அதற்கும் இப்போது வழியில்லை.

எதற்காகப் போனாய்? ரேஸ் டீமை மூடிவிட்டார்கள், சரி. இங்கே வேலையே கிடைக்காதா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேலை ஆர்டரை வாங்கி, பெட்டியைக் கட்டி, ஒரே வாரத்தில் போய்விட்டாய். கேட்டால் 'நீயும் வா' என்றாய். கடை இங்கே, கஸ்டமர் இங்கே, நான் எப்படி வருவேன்? வேலைக்காகத்தான் போனாய் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்காதே. வேறு ஏதோ இருக்கிறது. எழுது.

ஹேமா


சாகன்,
8 டிசம்பர் 2024

ஹேமா,

நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். இது ஐந்தாவது. இதையும் கிழிப்பதற்குள் போஸ்ட் பண்ணிவிடுகிறேன்.

பெருங்களத்தூர் மண்டபத்தில் உன் சித்தப்பா பெண் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? உன் அப்பா என்னை வாசலில் நிறுத்தி, வந்தவர்களுக்கெல்லாம் "நம்ம புள்ள, காரு ஓட்டுறாரு" என்று அறிமுகப்படுத்தினார். பெருமையாகத்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ரேஸ் என்கிற வார்த்தை அவருக்கு வாயில் வராது, அவ்வளவுதான். ஆனால் கேட்டவர்களுக்கு வேறு மாதிரி விழுந்தது. ஒரு பெரியவர் சாவியை என் கையில் வைத்து, "தம்பி, ஓரமா போட்டுட்டு வா" என்றார். பின்னாலேயே இன்னொருவர். அதைப் பார்த்து இன்னொருவர். நானும் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. மாமனார் இடத்தில் வீடு, மாமனார் இடத்தில் ஷெட், ரேஸும் போயாகிவிட்டது. அப்புறம் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை ஹேமா.

ஒரு கொழுப்புக்காக அத்தனை வண்டியையும், ரேஸ் ஆரம்பிக்கும்போது நிற்கிற கிரிட் போல நிறுத்தினேன். இரண்டு வரிசை, இந்தப் பக்கம் ஒன்று, அரை வண்டி தள்ளி அந்தப் பக்கம் ஒன்று. முன்னால் பெரியவருடைய இன்னோவா. ஒரு பயலுக்கும் புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மண்டபத்துப் படியில் நீ பட்டுப்புடவையில் நின்றுகொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறாய். கையில் ஊரார் சாவி, எதிரில் என் பொண்டாட்டி சிரிப்பு. அன்றைக்கு முடிவு பண்ணினேன், எங்கேயாவது போய்விட வேண்டும் என்று.

தீபாவளிக்கு லீவு இல்லை என்றது உண்மை. ஆனால் கெஞ்சியிருந்தால் கொடுத்திருப்பார்கள். கெஞ்சவில்லை. பொங்கலுக்கும் வருவேனா என்று தெரியவில்லை. மறுபடியும் அந்த மண்டப வாசலில் வந்து நிற்கிற மாதிரியே இருக்கிறது.

இன்ஜினைக் கையால் சுற்றுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். டிராக்குக்குள் போன் கொண்டுபோக விட மாட்டார்கள். காகிதத்தை யாரும் கேட்பதில்லை.

தீனா


இரும்புலியூர்,
19 ஜனவரி 2025

அட முட்டாளே,

எனக்குப் புரிந்தது! அந்த மண்டபத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் புரிந்தது. படியில் வந்து நின்று பார்த்தால் கீழே இரண்டு வரிசையாக கிரிட். முதல் இடத்தில் நீ சொல்கிற பெரியவர் சுந்தரராமன் மாமாவின் இன்னோவா, கடைசியில் பூ அலங்காரத்தோடு மாப்பிள்ளை கார். கல்யாண மாப்பிள்ளையைக் கடைசி இடத்தில் நிறுத்தியிருக்கிறானே இந்த ஆள் என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கொடியை அசைக்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்துச் சிரித்தேன். உன்னிடம் வந்து சொல்வதற்குள் தாம்பூலப் பை கொடுக்க என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறாய். என்னடா இது என்று எனக்கும் கோபம். இதற்காகவா புனே போனாய்? ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? சிரித்ததற்கு நான் வருத்தப்பட மாட்டேன். இன்னொரு தடவை நிறுத்தினாலும் சிரிப்பேன்.

பொங்கலன்று ஷெட்டைக் கழுவிக் கோலம் போட்டு, சாவியை மேஜை மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். தாம்பரம் ஸ்டேஷனில் ரயில் கூவுகிற ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு வந்தேன். மாட்டுப் பொங்கலும் போய்விட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. டிசம்பர் மழையில் ஷெட் சுவரெல்லாம் பூசணம் பூத்துவிட்டது, இன்ஜினைச் சுற்றும்போது கை கனக்க ஆரம்பித்துவிட்டது. இனியும் வைத்திருந்தால் கெட்டுப்போகும். நானே சாவியைத் திருப்பினேன்.

உடனே பிடித்துக்கொண்டது தீனா. ஒரே சாவி. ஆயில் பிரஷர் முள் ஏறுவதைப் பார்க்கப் பக்கத்தில் ஆள் இல்லை, நானே பார்த்துக்கொண்டேன். சந்தோஷமாக இருந்தது. ரொம்பத் தனியாகவும் இருந்தது.

ஓட்டிப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டுமே. வேறு வழியில்லாமல் உதயாவிடம் கொடுத்தேன். ஒரு ரவுண்டு போய்விட்டு வந்து இறங்கினான். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "செமயா கீதுக்கா" என்றான். குறைந்த வேகத்தில்? "செமயா கீது." கியர் மாற்றும்போது? "அதான் சொல்றேனேக்கா, செம." இந்த 'செம'வை வைத்துக்கொண்டு நான் எந்த ஸ்க்ரூவைத் திருப்புவது?

ஆகவே நானே ஓட்டுகிறேன். நம் வழக்கம் போச்சு. இறங்கி வந்து யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உனக்கு எழுதுகிறேன். கேள். ஓடும்போது குறையே இல்லை. மூச்சு முட்டவில்லை, தும்மவில்லை. இரண்டாயிரத்தில் சமர்த்தாக இழுக்கிறது. ஆனால் நின்றால் போச்சு. இரும்புலியூர் சிக்னலில் கிளட்சை மிதித்து பிரேக் போட்டேனோ இல்லையோ, முள் தொபுக்கென்று விழுகிறது. ஏ.சி. போட்டிருந்தால் விழுந்த முள் எழுந்திருக்கவே இல்லை, அணைந்துவிடுகிறது. நேற்று நட்ட நடு ஜி.எஸ்.டி. ரோட்டில் அணைந்தது. பின்னால் பஸ் டிரைவர் தலையை நீட்டி, "இன்னாம்மா, ரோட்லயே குடித்தனம் பண்ணலாம்னு கீறியா?" என்று கத்தினார். ஐட்லிங்கை ஏற்றிப் பார்த்தேன், காற்றைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. அடுத்து எதில் கை வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை நான் சொல்ல மாட்டேன். நீ சொல்.

இன்னும் ரன்னிங்-இன் கூட முடியவில்லை. கட்டின இன்ஜினை முதல் ஆயிரம் கிலோமீட்டர் விரட்டாமல் பழக்க வேண்டும். சிக்னலுக்கு சிக்னல் அணைகிற வண்டியை எங்கே கொண்டுபோய்ப் பழக்குவது?

ஹேமா


சாகன்,
1 பிப்ரவரி 2025

ஹேமா,

முதல் பக்கத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. மாப்பிள்ளை கார் கடைசி இடத்தில் நின்றதைக் கூடவா கவனித்தாய்! நானே மறந்துபோயிருந்தேன். இத்தனை மாதமாக உன் சிரிப்பை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வந்தது. இப்போது அதே சிரிப்பை நினைத்துக்கொண்டு டிராக்கில் தனியாகச் சிரித்துக்கொண்டு போகிறேன். பக்கத்தில் உட்கார்கிற இன்ஜினியர் பையன் "க்யா ஹுவா?", என்ன ஆச்சு என்று கேட்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?

நீ ஓட்டியதைப் படித்தேன். எவ்வளவு சரியாகச் சொல்கிறாய். முள் தொபுக்கென்று விழுகிறது, விழுந்தது எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடினால் கால் அடியில் எனக்குத் தெரிகிறது. நீ கட்டி நான் சொன்னது போய், நீ ஓட்டி நான் கேட்கிறேன். உன்னிடம் இவ்வளவு வார்த்தை இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

காற்றிலும் இல்லை, பெட்ரோலிலும் இல்லை. ஃப்ளைவீல்தான். கனம் இருந்தால், காலை எடுத்த பிறகும் அந்தச் சக்கரம் சுழன்று இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும். நம்முடையது இளைத்துப் போனது. எகிறும், அதே வேகத்தில் விழும், தாங்காது. உனக்கு முதல் நாளே தெரியும். நான் கேட்டேன் என்பதற்காக வைத்தாய். நான் சொன்னால்தான் எடுப்பாய் என்பதும் எனக்குத் தெரியும்.

எடுத்துவிடு ஹேமா. கனமான ஒரிஜினலையே போடு.

எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். இனி கால் வைத்தால் அப்படி எகிறாது. பரவாயில்லை. நீ நடு ரோட்டில் பஸ்காரனிடம் திட்டு வாங்குகிறாய், எனக்கு இங்கே உட்கார்ந்துகொண்டு முள் எகிற வேண்டுமா? பழையதை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதே.

நான் வருகிறேன் என்று இரண்டு தடவை தேதி சொல்லி ஏமாற்றிவிட்டேன். மூன்றாவது தடவை தேதி சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் உன்னைப் பார்க்க வேண்டும். ஏர்போர்ட்டை ஒட்டின பொழிச்சலூரில் நான் வளர்ந்த வீட்டு மாடியில் உட்கார்ந்து, தலைக்கு மேல் பிளேன் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி, போன பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவோமே, அப்படி உட்கார வேண்டும். இங்கே எந்தச் சத்தத்துக்கும் பேச்சை நிறுத்த வேண்டியதில்லை, ஏனென்றால் பேச்சே இல்லை.

தீனா


இரும்புலியூர்,
16 பிப்ரவரி 2025

தீனாவுக்கு,

போட்டுவிட்டேன். கியர் பாக்ஸை இறக்கி, உன்னுடையதை எடுத்து, ஒரிஜினலை ஏற்றி, மறுபடி பூட்டினேன். உன்னுடையதைத் துடைத்து, ஆயில் பூசி, பழைய சேலையில் சுற்றி வைத்திருக்கிறேன்.

சாயங்காலக் கூட்ட நேரமாகப் பார்த்து, வேண்டுமென்றே ஜி.எஸ்.டி. ரோட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பாவும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டார். இரும்புலியூர் சிக்னல் சிவப்பு. கிளட்சை மிதித்தேன். முள் இறங்கியது, ஒரு இடத்தில் நின்றது. ஏ.சி. போட்டேன். கொஞ்சம் தலை குனிந்து மறுபடி நிமிர்ந்துகொண்டது. பச்சை விழுந்தும் நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன், பின்னால் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டார்கள்.

அப்பா ஏ.சி. காற்றைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம், "மாப்ள ரேஸு ஓட்னாருன்னு சொல்லத் தெர்லமா எனக்கு. இனிமே கரீட்டா சொல்றேன்னு எழுது" என்றார். உன் கடிதத்தில் ஒரு வரியைக்கூட நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. வாசலில் நின்று சாவி வாங்கினதை அவரும் பார்த்திருக்கிறார் போல. எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

ரன்னிங்-இன் பாக்கி இருக்கிறது. அதற்கு நல்ல நீளமான ரோடு வேண்டும். ஒரே வேகத்தில் போகாமல், ஏற்றியும் இறக்கியும் பழக்க வேண்டும். எந்த ரோடு என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ தேதி எதுவும் சொல்ல வேண்டாம்.

ஹேமா


டிராக் மெயின் கேட், சாகன்,
5 மார்ச் 2025

தீனா,

செக்யூரிட்டி கேபின் சுவரில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். உள்ளே போன் கிடையாதாம். எனக்குத் தெரியும் என்றேன். சீட்டு எழுதிக் கொடுத்தால் உள்ளே அனுப்புகிறேன் என்கிறார். நீங்கள் யார் என்று கேட்டார். இன்ஜின் கட்டுகிறவள் என்றேன். கம்பெனி ஆள் என்று நினைத்து சல்யூட் அடித்துவிட்டார்.

வேலூர், ஹூப்ளி, கோலாப்பூர் என்று வந்தேன். கடையை உதயா பார்த்துக்கொள்கிறான், அதாவது பூட்டி வைத்திருக்கிறான். அப்பா வழிக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தார். ஏற்றியும் இறக்கியும் பழக்கிக்கொண்டே வந்தேன், ஆயிரம் கிலோமீட்டர் எப்போதோ தாண்டிவிட்டது. வண்டி எப்படி இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். கட்டினவள் சொல்லை நம்பக் கூடாது. நீ ஓட்டிப் பார்த்துச் சொல்.

உன் பழைய ஃப்ளைவீல் டிக்கியில் இருக்கிறது. அதன் மேல்தான் புதிதாகச் சுட்ட அதிரசம் டப்பா. திரும்பி ஊருக்குப் போவதா, இங்கேயே கொஞ்ச நாள் இருப்பதா என்பதையெல்லாம் அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம். உன் நம்பரைத் திறந்துவிட்டேன்.

கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் நிறுத்தியிருக்கிறேன். நான் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்திருப்பேன், உன் பக்கக் கதவு பூட்டவில்லை. உன் ஷிஃப்ட் எப்போது முடியும் என்று இவருக்குத் தெரியவில்லையாம். பரவாயில்லை. வெயிலுக்கு ஏ.சி. ஓடுகிறது, இன்ஜினை அணைக்கவில்லை. மெதுவாகவே வா. இப்போது இதற்கு நிற்கத் தெரியும்.

ஹேமா